முழங்கை வலிக்காக கிட்டாரை மூட்டை கட்ட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு வருடமாக அகூஸ்டிக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். தினமும் அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். பார் கார்டு (ஒரே விரலை எல்லாத் தந்திகள் மேலும் படுக்கவைக்கும் பிடி) சுத்தமாக வர வேண்டும் என்று போன மாதங்களில் அதை இரண்டு மணி நேரமாக்கினேன். இப்போது இடது முழங்கையின் உள்பக்கம் வலி. பாட்டில் மூடியைத் திருகினால்கூட சுருக்கென்கிறது. மூன்று வாரம் கிட்டாரைத் தொடவே இல்லை. வலி போய்விட்டது. மறுபடி எடுத்த அன்றே திரும்பிவிட்டது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போட்டுக்கொள்ளலாமா? இல்லை, கிட்டார் நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். ஊசிக்கும் அவசரப்படாதீர்கள். இதற்கான பதில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரம் திடீரென்று இரண்டு மணி நேரமானது, அதுவும் கிட்டாரில் கை அதிகம் அழுத்த வேண்டிய பார் கார்டுக்காக. வலி வந்ததற்குக் காரணம் அது. ஓய்வில் போன வலி முதல் நாளே திரும்பியதற்குக் காரணம் வேறு. மூன்று வாரத்தில் வலி அடங்கியது, ஆனால் புண்பட்ட இடம் பலம் பெறவில்லை.

விரல்களை மடக்குகிற தசைகளின் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. அவற்றில் பலவும், மணிக்கட்டை உள்பக்கம் வளைக்கும் தசைகளும், முழங்கையின் உள்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பு முனையில்தான் வந்து சேர்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் அங்கே இருக்கிறது. சுட்டுவிரலை ஆறு தந்தி மேலும் படுக்கவைத்து, கட்டைவிரலால் பின்னாலிருந்து நெருக்கும்போது அந்த இழுப்பு போய் இறங்குவது அங்கேதான். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். உங்கள் விரல்கள் இரண்டு மணி நேரத்துக்குத் தயாராகிவிட்டன, தசைநாண் இன்னும் அரை மணி நேரத்திலேயே நிற்கிறது.

உள்பக்கம் வருகிற இந்த வலியை கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். வெளிப்பக்கம் வந்தால் டென்னிஸ் எல்போ. முழங்கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டை மடக்கப் பாருங்கள். மடங்க விடாமல் மற்ற கையால் தடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்க எலும்பு முனையில் வலித்தால் அநேகமாக இதுதான்.

ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் கதை வேறு. அதே எலும்பு முனைக்குப் பின்னாலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் அது இழுபட்டு அழுந்தும். மடக்கிய கையோடு தூங்குவதும், போனை நெடுநேரம் காதில் வைத்திருப்பதும் அதை இன்னும் மோசமாக்கும். மரத்துப்போவது தொடர்ந்தால், பிடி தளர்ந்தால், கையில் தசை மெலிந்தால், வலி கழுத்திலிருந்து இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால், 'படக்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தால், கையை நீட்டவே முடியாவிட்டால் அன்றைக்கே பாருங்கள். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை வந்தால் அதற்குக் கிட்டாரைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

இப்போது ஊசி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் சில வாரம் நிஜமாகவே நன்றாக இருக்கும். அதுதான் ஆபத்து. டென்னிஸ் எல்போவில் நடந்த ஆய்வுகளில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களின் நிலை, ஊசி போடாதவர்களைவிட மோசமாக இருந்தது. வலி திரும்ப வருவதும் அவர்களிடம்தான் அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதையும் நான் ஏற்க மாட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிற ஒரே அறிகுறியை அது மறைத்துவிடும்.

தசைநாணைக் குணமாக்குவது அளவான பாரம்தான். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி உட்காருங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை நேராக, அசைக்காமல் 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. இப்படி நாலைந்து முறை, தினமும். வலியைத் தணிக்கவும் பலருக்கு இது உதவுகிறது. இரண்டு வாரத்தில் இது சுலபமானதும், மற்ற கையால் பாட்டிலை மேலே தூக்கிவிட்டு, இந்தக் கையால் மட்டும் நாலு எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பழகப் பழக எடையைக் கூட்டுங்கள். வெளிப்பக்கம் வலிப்பவர்கள் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இதையே செய்யலாம்.

துளியும் வலி இருக்கக் கூடாது என்பதில்லை. பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காலையிலும் முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால் பாரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வாசிப்புக்கும் இதே கணக்குதான். 10 நிமிடம் வாசித்து 5 நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நாலைந்து நாள் தொல்லை இல்லையென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். நேரத்தையும் கடினத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். பார் கார்டு கடைசியில் வரட்டும். அதுவரை தாளம், ஸ்ட்ரம்மிங், விரலால் மீட்டுவது என்று வலது கைக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது.

சரி, அழுத்தத்துக்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். ஒரு தந்தியின் மேல் விரலைச் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே, துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சுரம் தெளிவாக ஒலிக்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போடுகிற பலம் ஒலிக்குச் சேராது, முழங்கைக்குத்தான் சேரும். விரல், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதன் பின்னால் இருந்தால் இன்னும் குறைந்த அழுத்தமே போதும். பார் கார்டில் கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வலது முன்கை கிட்டாரின் உடலை லேசாக அணைத்திருந்தால், இடது கையின் கனத்தைப் பின்னால் இழுத்தே தந்திகளை அமுக்க முடியும். உடனே வராது, ஆனால் பழகினால் கிள்ளிப் பிடிக்கிற பழக்கம் தானாகக் குறையும்.

கிட்டாரையும் சோதியுங்கள். தந்திகள் ஃப்ரெட்டிலிருந்து உயரமாக நின்றால் யார் வாசித்தாலும் கை வலிக்கும். நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து செட்டப் செய்யுங்கள் (தந்தி உயரத்தைச் சரிசெய்வது), கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிப்பது கஷ்டமாக இருப்பதற்கு அடிக்கடி அதுதான் காரணம். 12 அளவுத் தந்தி போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 11 அல்லது 10க்கு மாறலாம். காசு செலவில்லாத வழியும் உண்டு. எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், தந்தியின் இறுக்கம் சுமார் 11 சதவீதம் குறையும். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டி, கிட்டாரின் கழுத்துப் பகுதியைக் கொஞ்சம் மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். மணிக்கட்டு அதிகம் மடங்காமல் இருக்கும்.

மற்ற நேரத்தில் அந்தக் கை என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். கனமான பையைப் பிடித்துத் தூக்குவது, துணி பிழிவது, போனை இறுக்கிப் பிடிப்பது எல்லாமே அதே தசைநாணுக்கு வேலைதான். முழங்கைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே கட்டுகிற பட்டை சிலருக்கு இதமாக இருக்கும். வேலை நேரத்தில் மட்டும் போடுங்கள், விரல் மரத்தால் கழற்றிவிடுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? பயிற்சியை விடாமல் செய்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். முழுதாக மறைய இன்னும் சில மாதங்கள் ஆகலாம். நடுவில் ஓரிரு கெட்ட நாட்கள் வரும், அதற்காக மறுபடி மூன்று வாரம் ஓய்வில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பன்னிரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பாருங்கள். போகும்போது கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் அந்த பார் கார்டை வாசித்துக் காட்டுங்கள்.