ஹாலில் படுப்பவர்கள்

அன்புள்ள அம்மா,

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். போன வருஷம் பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்துத் திருடிய பிறகு, கேட்டில் ஒன்றும் ஹாலில் டிவிக்கு மேலே ஒன்றுமாகக் கேமரா வைத்தோம். என் கணவரின் பெரியப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து மகனின் கால் ஆபரேஷனுக்கு அப்புறமான செக்கப்புக்காக சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். கணவரை இழந்தவர், கூலி வேலைக்குப் போகிறவர். புதன்கிழமை வந்து ஞாயிறு வரை இருவரும் எங்கள் ஹாலில்தான் தங்கினார்கள். வியாழக்கிழமை மாவு பிசையும்போது என் முக்கால் சவரன் மோதிரத்தைக் கழற்றி ஷோகேஸ் டிராயரில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை பார்த்தால் காணோம்.

கேமராவில் பார்த்தோம். வெள்ளிக்கிழமை நாத்தனார் இருட்டில் எழுந்து அந்த டிராயரைத் திறந்து துழாவுகிறார். பிறகு எதையோ முந்தானையில் முடிந்துகொள்கிறார். நேரம் காலை 6.50 என்று காட்டுகிறது, ஆனால் இருட்டாக இருக்கிறது, அதுவும் புரியவில்லை. சனிக்கிழமை என் கொழுந்தனார் நண்பர்கள் இரண்டு பேரோடு வந்து மேட்ச் பார்த்துவிட்டுப் போனார். மற்றபடி வெளியாள் யாரும் வரவில்லை.

கேமரா இருப்பது நாத்தனாருக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லாதது சட்டப்படி தப்பா? கணவர் அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு நேராகவே கேட்டுவிடலாம் என்கிறார். "என் வீடு, என் கேமரா" என்கிறார். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை. ஹாலுக்கு இதைவிடத் தெளிவான கேமரா ஏதாவது இருக்கிறதா?

எஸ்., வேலூர்

*

அன்புள்ள எஸ்.,

வீடியோவைக் குழுவில் போட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கணவரிடம் சொல்லிவிடுங்கள். குடும்பக் குழு என்றால் சம்பந்தி வீட்டார் இருப்பார்கள், அந்தப் பையன் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். பத்து நிமிஷத்தில் நீங்கள் அழித்தாலும், அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டவர் போனில் அது இருக்கும். நாளைக்கே மோதிரம் கிடைத்து, "கிடைத்துவிட்டது, மன்னியுங்கள்" என்று நீங்கள் போடும் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பப்போவதில்லை.

ஹாலுக்கு இதைவிடத் தெளிவான கேமரா எது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதையேதான் மனதில் போட்டு உழற்றிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், உறவுக்காரர் வீட்டில் இரவு தங்க வேண்டி வந்தது. எனக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் ஹாலில் பாய் போட்டார்கள். பட்டுப்புடவையை மாற்றலாம் என்று விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், டிவிக்கு மேலே மங்கலாகச் சிவப்பு வெளிச்சம். என்னது என்று கேட்டேன். "அதுவா அத்தை, துபாய்லேர்ந்து தம்பி எங்களைப் பாத்துக்கறதுக்காக வெச்சது. எப்பவும் ஆன்லதான் இருக்கும்" என்றாள் அந்த வீட்டு மருமகள், வெகு சாதாரணமாக. ஈரம் சொட்டும் குளியலறையில், தரையில் படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாற்றிவிட்டு வந்து படுத்தேன். மற்ற இருவரும் அதற்கு முன்பே ஹாலிலேயே மாற்றி முடித்திருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன். உங்கள் ஹால் உங்களுக்கு மட்டும்தான் ஹால். வந்து தங்குகிறவளுக்கு அதுதான் படுக்கையறை. இரவில் ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்திக்கொண்டு படுப்பது அங்கேதான். மூட்டுக்குத் தைலம் தேய்ப்பது அங்கே. பிள்ளை தூங்கின பிறகு கையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்ப்பதும், டாக்டர் என்ன சொல்வாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவதும் அங்கே. உங்களுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. அந்த அறையில் ஒரு கேமரா மாட்டலாம் என்றால் உங்கள் கணவர் சம்மதிப்பாரா? நான்கு இரவுகள் ஒரு பெண் தூங்கி எழுந்ததை அவர் போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். அண்ணன் தம்பி முறைதான், இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் பார்த்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் மோதிரத்தின் எடை இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"சொல்லியிருக்க வேண்டுமா?" என்கிறீர்கள். கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லியிருந்தால் மட்டும் அவர் என்ன செய்திருப்பார்? "அதை அணைத்துவிடு" என்று உங்களிடம் கேட்கும் நிலையிலா இருக்கிறார்? "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, நான்கு நாளும் வேலூர் வெக்கையில் புடவையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். லாட்ஜுக்குக் காசில்லாமல் வந்தவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே ஆகாது. ஆகவே சொல்வதோடு முடியவில்லை. ஆள் வந்து படுக்கிற இடத்தில் கேமராவே இருக்கக் கூடாது. இருந்தால், அவர்கள் கண்ணெதிரே கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். ஆப்பில் அணைத்தேன் என்று வாயால் சொல்வது போதாது. அணைந்திருக்கிறதா என்று அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

நம்ம ஊரில் இது தெரியாமல் ஒருவர் வளர முடியுமா என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1900இல் அமெரிக்க டாக்டரம்மா ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்களுக்காகக் காந்தி ரோட்டைச் சுற்றி லாட்ஜுகள் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் போளூர்க்காரருக்கும் செங்கத்துக்காரருக்கும் லாட்ஜ் எப்போதும் ஒரு சொந்தக்காரர் வீடுதான். பழைய வட ஆற்காடு மாவட்டத்தை 1989இல் இரண்டாக்கினார்கள், 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். நோய் வந்தால் மூட்டையோடு வந்து இறங்குவது இன்னமும் இங்கேதான்.

எங்கள் வீடு அப்போது வேலப்பாடியில் இருந்தது. யாராவது வருவார்கள் என்று அம்மா அரிசி களையும்போதே ஆழாக்கு கூட்டிப் போடுவாள். கண்ணமங்கலத்திலிருந்து ஓர் அத்தை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, கழுத்துக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்து தங்கிப் போனார். அவர் போன பிறகு பூஜை அலமாரியிலிருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காணவில்லை. பாட்டி உடனே மை போட்டுப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். மை போடுகிறவர் வெற்றிலையில் கறுப்பாகத் தடவி, என் அண்ணனை எதிரே உட்கார வைத்தார். சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத்தான் தெரியுமாம். அவனுக்குப் பத்து வயதிருக்கும். "என்னடா தெரியுது?" ஒண்ணும் தெரியலை என்றான். "நல்லா பாரு. ஆளு தெரியுதா? பொம்பளையா, ஆம்பளையா?" அவன் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொம்பள" என்றான். "என்ன கலர் பொடவ?" "பச்ச." அத்தை எங்கள் வீட்டில் இருந்தவரை மாற்றி மாற்றி உடுத்தியது இரண்டே புடவை. அதில் ஒன்று பச்சை.

யாரும் அத்தையை நேரில் கேட்கவில்லை. ஆனால் பேச்சு கண்ணமங்கலம் வரை போய்விட்டது. அடுத்த முறை அவர் வேலூர் வந்தது எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்ததாக யாரோ சொல்லி, அம்மா தூக்குச்சட்டியில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு ஓடினாள், நானும் கூடப் போனேன். அத்தை மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "சாப்ட்டேன் அண்ணி" என்றார். பக்கத்தில் பிரிக்காத பொரிப் பொட்டலம் இருந்தது. அம்மா தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் யார் கையிலோ அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தே பார்க்கவில்லை.

சிமிழ் கடைசிவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அதே வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள், சித்தப்பாவின் சிநேகிதர்கள் ஒரு கூட்டம் வந்து சாப்பிட்டுப் போனது. மை போட்ட அன்று அவர்கள் பேச்சே எழவில்லை.

உங்கள் கணவர் ஆப்பைத் திறந்து பார்த்ததும் அதே மைதான். உங்கள் கடிதத்தையே எடுத்துப் படியுங்கள். கொழுந்தனாரும் இரண்டு நண்பர்களும் சனிக்கிழமை மேட்ச் முடியும்வரை அந்த ஷோகேஸ் இருக்கும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வரியில் "மற்றபடி வெளியாள் யாரும் வரவில்லை" என்று எழுதுகிறீர்கள். அந்த நண்பர்கள் உங்களுக்கு யார், என்ன உறவு? சனிக்கிழமைப் பதிவை நீங்கள் பார்த்ததாக ஒரு சொல்கூட இல்லை. மோதிரம் சனிக்கிழமை காலையில் டிராயரில் இருந்ததா, இல்லையா? அதுவும் உங்களுக்குத் தெரியாது. ஐந்து நாள் பதிவு கையில் இருந்தும், ஒரு கூலிக்காரப் பெண் எழுந்து நடந்த சில நொடிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, எஸ். நீங்கள் கெட்ட மனசுக்காரி இல்லை, கெட்ட மனசுக்காரி எனக்கு எழுதிக் கேட்டிருக்க மாட்டாள். அதனால்தான் இன்னும் அதிகமாக வருகிறது.

அந்த நொடிகளில்தான் என்ன இருக்கிறது? இருட்டில் இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கின்றன. படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஹாலின் மறுகோடியில் ஒருவர் கையில் இருப்பது மோதிரமா ஊக்கா என்று அதில் எப்படித் தெரியும்? நேரக் குழப்பத்துக்கும் காரணம் எளிது. பல கேமராக்கள் சீன நேரத்தோடு வருகின்றன, நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். அமைப்பில் போய் மாற்றாவிட்டால் அப்படியே ஓடும். இருட்டாக இருக்கிறது என்றால் உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். அப்படியானால் அது காலை 4.20. பையனை எழுப்பிக் குளிக்க வைத்து, கூட்டம் சேர்வதற்குள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும் என்று எழுந்த நேரம். விளக்கைப் போட்டால் உங்கள் தூக்கம் கெடும் என்று இருட்டில் ஊக்கோ பேனாவோ தேடியிருக்கலாம். முந்தானையில் முடிந்தது பஸ் காசாக, மாத்திரையாக, ரசீதாக இருக்கலாம். அவர் எடுக்கவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. எடுத்தும் இருக்கலாம். இந்த வீடியோவால் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சட்டம் கேட்டீர்கள். கேட்டில் வைத்ததை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கும் சகோதரர்களுக்குள் வந்த வழக்கில், மற்றவர் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் கேமரா கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பெண் தனிமையில் இருப்பதாக நம்பி உடை மாற்றுவதைப் பார்ப்பதும் படமெடுப்பதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். குழுவில் போட்டு ஒருவரைத் திருடி என்றால் அதே சட்டத்தின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். "என் வீடு, என் கேமரா" என்கிறவருக்கு இவ்வளவு போதும். யாரையும் நம்ப முடியவில்லை என்பதை விடுங்கள். கொழுந்தனாரை நம்புகிறீர்களே.

இப்போது செய்ய வேண்டியது. மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும், அதனால் வியாழன் முதல் திங்கள் வரை முழுவதையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஹாலில் படுத்திருந்த இரவுகளைக் கணவர் பார்க்க வேண்டாம், நீங்கள் பாருங்கள், டிராயர் பக்கம் மட்டும் பாருங்கள். டிராயரை முழுதாக வெளியே இழுத்து, அதன் பின்பக்கம் கையை விடுங்கள், அங்கே விழுந்த சாமான் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கோதுமை மாவு டப்பாவைக் கொட்டிச் சலியுங்கள். அப்புறம் கேட்பதானால் முதலில் கொழுந்தனாரிடம் கேளுங்கள். "டிராயர்ல ஒரு மோதிரம் வெச்சிருந்தேன், பார்த்தீங்களா?" அதே வாக்கியம், அதே குரல், எல்லோரிடமும். கொழுந்தனாரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால் நாத்தனாரிடமும் சொல்லாதீர்கள். போலீசுக்குப் போவதென்று முடிவெடுத்தால் முழுப் பதிவையும் கொடுங்கள், துண்டு வெட்டிக் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனில் உங்கள் கொழுந்தனாரையும் அந்தப் பெண்ணையும் ஒரே மாதிரி உட்கார வைத்துக் கேட்பார்களா என்பதையும் போவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹால் கேமராவைக் கழற்றி மாடிப்படி வாசலில் மாட்டுங்கள், திருடன் வருகிற வழி அதுதான். பையனுக்கு அடுத்த செக்கப் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முன்கூட்டியே நீங்களே போன் செய்து அவர்களை வரச் சொல்லுங்கள். கேமரா இருந்ததை அப்போது அவரிடம் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீங்கள் பதில் பேச வேண்டாம்.