அப்பா ஏன் நாற்காலியில் உறங்குகிறார்?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சில வாரங்களாகக் கட்டிலில் படுக்காமல் கூடத்துச் சாய்வு நாற்காலியிலேயே உறங்குகிறார். மாலையில் கால்கள் வீங்குகின்றன. ‘வயதானால் இப்படித்தான், எல்லாம் மூட்டுவலி’ என்கிறார். மருத்துவமனை என்றாலே கோபப்படுகிறார். இது இதயக் கோளாறாக இருக்குமா? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கால் வீக்கத்தைவிட அந்த நாற்காலியே எனக்கு அதிகக் கவலை தருகிறது. இதயம் இரத்தத்தைப் போதிய அளவு வெளியேற்ற இயலாமல் தளரும்போது, படுத்தவுடன் கால்களில் தேங்கிய நீர் மேலேறி நுரையீரலில் நெருக்கடியை உண்டாக்குவதால் மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது. நோயாளி இதை ‘மூச்சுத்திணறல்’ என்று சொல்லமாட்டார். தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வார், அல்லது ‘இங்கேதான் காற்று வருகிறது’ என்று நாற்காலிக்கு மாறிவிடுவார்.

ஆகவே ‘மூச்சு வாங்குகிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். அவர் எதையெல்லாம் கைவிட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். நடந்து போன கடைக்கு இப்போது பேரனை அனுப்புகிறாரா, மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாரா, குளித்து வந்தவுடன் சற்று உட்கார்கிறாரா, நள்ளிரவில் மூச்சு முட்டி விழித்து ஜன்னலருகே போகிறாரா, நாலு வாய் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா, படுத்தால் வறட்டு இருமல் வருகிறதா என்பவற்றைக் குறித்துவையுங்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது விரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்றும் பாருங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடை பார்ப்பது மிகவும் பயன்படும். மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, தேங்கிய நீர்.

கால் வீக்கத்துக்குச் சிறுநீரகம், கல்லீரல், அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரை எனப் பிற காரணங்களும் உண்டு. ஆனாலும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் மட்டும் விதிவிலக்கு. அவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, தளர்ந்த இதயத்தை மேலும் வருத்துபவை. நம் வீடுகளில் இதை யாரும் மருந்து என்றே கணக்கில் வைப்பதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

சம்மதிக்க வைப்பதற்காகப் பொய் சொல்லி அழைத்துச் செல்வதை நான் ஆதரிப்பதில்லை. அடுத்த முறை அவர் வரவே மாட்டார். கோபத்துக்குப் பின்னால் அறுவை சிகிச்சை பயமோ, பிள்ளைகளுக்குச் செலவு வைத்துவிடுவோமே என்ற கூச்சமோ இருக்கலாம். முதல் நாளில் பெரும்பாலும் ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவைதான் என்பதையும், பலருக்கு மாத்திரைகளிலேயே நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘படுத்துத் தூங்க வேண்டாமா, அப்பா?’ என்ற கேள்வி, நோயின் பெயரைவிட அவரை எளிதில் இணங்க வைக்கும். மகள் சொல்லை மறுப்பவர்கள் மாப்பிள்ளை அழைத்தால் மறுக்கத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நுரை கலந்த சளி வந்தாலோ, மயக்கமோ திடீர்க் குழப்பமோ ஏற்பட்டாலோ சம்மதத்துக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், எடை எழுதிய தாளையும் கொண்டுசெல்லுங்கள். எக்கோவில் ‘பம்பிங் நார்மல்’ என்று வந்தாலும் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நெடுநாள் இருந்த முதியவர்களில் இதயச் சுவர் விறைத்துப்போய், சுருங்கும் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 50 சதவீதத்துக்கு மேல், அதாவது இயல்பாகவே இருந்தும் இதயம் இப்படித் தளர்வது உண்டு. அதையும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.