பெட்டியை மாற்றுவதுதான் வேலையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

விமானப் பராமரிப்பு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிப்பில் ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகள் பிரிவில் சேர ஆசை. என் மாமா வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறார். அவர் வேண்டாம் என்கிறார். "எது கெட்டுப்போச்சுன்னு விமானமே சொல்லிடுது. இவங்க அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு வேற பெட்டியை மாட்டுறாங்க. அதுக்கு எதுக்கு இத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்கிறார். ராத்திரி வேலை என்பதால் அம்மாவுக்கும் தயக்கம். உண்மையிலேயே மூளையைச் செலவழிக்க இந்த வேலையில் இடம் இருக்கிறதா?

கே.,
திருச்சி

அன்புள்ள கே.,

மாமா பார்த்தது பொய் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். காக்பிட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் கணினிப் பெட்டிகள் ரேக்கில் வரிசையாக இருக்கும். எல்ஆர்யூ (லைன் ரீப்ளேசபிள் யூனிட்) என்போம். சட்டென்று கழற்றி மாட்டுவதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அடுத்த பயணத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கும்போது, விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. பழைய பெட்டியை எடுத்து, புதியதை மாட்டி, சோதனை ஓட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். கழற்றிய பெட்டி ஷாப் எனப்படும் பணிமனைக்குப் போகும். அதைத் திறந்து பழுது பார்ப்பது வேறொருவர். பல ஷிப்டுகள் இப்படியே போகும்.

ஆனால் விமானம் சொல்வது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 'இந்தப் பெட்டிக்கு வரவேண்டிய தகவல் வரவில்லை' என்று சொல்லும். ஏன் வரவில்லை என்பது அதற்கும் தெரியாது. பெட்டி கெட்டிருக்கலாம், அனுப்பும் சென்சார் கெட்டிருக்கலாம், நடுவில் இருக்கும் கம்பி எங்கேயோ உரசித் தேய்ந்திருக்கலாம், கனெக்டரில் ஒரு பின் நூலளவு பின்வாங்கியிருக்கலாம். ஏ380 போன்ற பெரிய விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் கம்பி இருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை இழுக்க முக்கால் பங்குக்குப் போதும். பழுது அதில் எந்த அங்குலத்தில் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அத்தனை வருடப் படிப்பு.

இதிலும் ஓரளவு சுலபமானது, எப்போதும் இருக்கும் பழுது. மீட்டர் வைத்தால் மாட்டிக்கொள்ளும். ஒரே மாதிரிக் கணினிகள் இரண்டு இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். பழுதும் கூடவே இடம் மாறினால் பெட்டி. மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால் கம்பியோ சென்சாரோ. கஷ்டமானது வந்து வந்து போகும் பழுதுதான். வானத்தில் வரும், தரையில் காணாமல் போகும். சோதனை ஓட்டினால் எல்லாம் பச்சை. டெக் லாகில் (விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில்) 'சோதித்தோம், சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போகலாம். விதிப்படி அதில் தவறும் இருக்காது. நான் அதிகம் பயப்படும் வரி அதுதான்.

பயம் ஏன் என்பதற்கு ஏர்ஏசியா 8501 விமான விபத்து ஒன்றே போதும். 2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய அந்த ஏ320 விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 162 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் வாலில் ரடர் டிராவல் லிமிட்டர் என்று ஓர் அமைப்பு. வேகம் கூடக்கூட சுக்கான் திரும்பும் அளவைக் குறைப்பது அதன் வேலை. அதன் மின்னணு அட்டையில் ஒரு சால்டர் (உலோகப் பற்றவைப்பு) இணைப்பில் விரிசல். வால் பகுதியில் காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. மேலே கடுங்குளிர், கீழே வெப்பமண்டலச் சூடு, நாளுக்குப் பல தடவை. சால்டர் விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி ஒரு நாள் கீறல் விடும். கீறல் விட்ட இணைப்பு சில சமயம் தொட்டுக்கொள்ளும், சில சமயம் தொடாது.

அந்த அமைப்பின் கோளாறு முந்தைய 12 மாதங்களில் 23 தடவை பதிவாகியிருந்ததாக இந்தோனேசிய விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. கடைசி மாதங்களில் இடைவெளி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. பெரும்பாலும் கணினியை ரீசெட் செய்து, சோதனை ஓட்டி, செய்தி மறைந்ததும் விமானத்தை விட்டிருக்கிறார்கள். விபத்துக்கு மூன்று நாள் முன்பு இதே கோளாறு தரையில் வந்தபோது, சர்க்யூட் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இழுத்து ரீசெட் செய்த பொறியாளரை, விபத்தன்று விமானத்தில் இருந்த கேப்டன் பார்த்திருக்கிறார். விபத்து நடந்த அன்று எச்சரிக்கை நான்காவது தடவை வந்ததற்குப் பின்னால், பறந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கர்கள் இழுக்கப்பட்டன. ஆட்டோபைலட் விலகியது. அதன் பிறகு விமானிகளால் கட்டுப்படுத்த முடியவில்லை.

விரிசல் மட்டும் அந்த விமானத்தை வீழ்த்தவில்லை. அந்தக் கோளாறோடு பத்திரமாகவே பறந்து இறங்கியிருக்கலாம். எனக்கு வேதனை அந்த 23-ஐ நினைக்கும்போதுதான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு டெக்னீஷியன், நம்மைப் போன்ற ஒருவர், அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார். ஒரு பதிவை மட்டும் தனியாகப் பார்த்தால் அது சில்லறைக் கோளாறு. ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிப் படித்தால்தான் வாலுக்குப் போய் அந்த மின்னணு அட்டையைக் கழற்று என்று அது சொல்வது கேட்கும். கேட்கிற காது நமக்கு இருக்கவேண்டும் கே. எந்த மென்பொருள் வந்தாலும், 'இது போன வாரமும் வந்ததே' என்று நின்று கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொன்று நானே பார்த்தது. ஒரு ரேடியோ ஸ்நாக். (கோளாறு என்று எங்களில் யாரும் சொல்வதில்லை, ஸ்நாக்தான்.) உயரத்தில் ரொம்ப நேரம் பறந்த பிறகு கரகரப்பு வரும், தரையில் சுத்தமாகக் கேட்கும். பெட்டியை வேறு நிலையங்களில் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். இறங்கி வந்த விமானியிடம் கொஞ்ச நேரம் பேசினேன். எப்போது ஆரம்பிக்கிறது, இறங்கும்போது எந்த உயரத்தில் நிற்கிறது, மழையில் நின்ற மறுநாள் அதிகமா? அவர் பதில்களைக் கேட்டபோதே தண்ணீர் என்று புரிந்துவிட்டது. வயிற்றுப் பக்க ஆன்டெனாவைக் கழற்றினால் கேபிள் முனையில் பச்சைக் களிம்பு. ஈரம் மேலே உறைந்து, கீழே உருகி விளையாடியிருக்கிறது. பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேலையே இதுதான் என்று எனக்குத் தோன்றுவது இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

அம்மாவின் தயக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி வேலை உண்டு, மறைக்க மாட்டேன். பகலில் விமானம் பறக்கும், ராத்திரிதான் நம் கைக்கு வரும். லைன் மெயின்டனன்ஸில் (விமானம் நிற்கும் இடத்திலேயே செய்யும் பராமரிப்பில்) இதைத் தவிர்க்க முடியாது. ஷாப் வேலையில் பகல் ஷிப்ட் அதிகம். பெண்கள் இரண்டிலும் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு, அஞ்சரை மணி விமானம் காத்திருக்கும்போது, மேலே இருப்பவர் 'முடிஞ்சுதா?' என்று கேட்பார். 'இன்னும் இல்லை' என்று சொல்லும் திடம் வேண்டும். தூக்கம் கெடுவதைவிட அது கடினம். அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், சேருவதற்கு முன் ஒரு விஷயம். இன்ஸ்டிட்யூட் தரும் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. விமானத்தை விடுவித்துக் கையெழுத்துப் போட டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் லைசென்ஸ் வேண்டும். ஏவியானிக்ஸுக்கு அது பி2. மாட்யூல் (பாடப் பகுதி) தேர்வுகள் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்கவேண்டும், அதோடு விமானத்தில் வேலை செய்த அனுபவமும் காட்டவேண்டும். இது தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு உதவியாளராகவே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு டிஜிசிஏ அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எதுவரை செல்லும் என்று கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். விமானத்தில் பயிற்சி எங்கே தருகிறார்கள் என்றும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், கெட்டுப்போன ரேடியோ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். எந்தப் பாடம் புரியவில்லை என்றாலும் எழுதுங்கள். டிஜிட்டல் மாட்யூலுக்கு நான் கையால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.