முப்பது படம் வேண்டாம், எட்டு போதும்

கேள்வி: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கலை வரலாறு நடத்துகிறேன். ஆளுக்கு முப்பது ஓவியப் படங்களைத் தொகுத்து வரச் சொன்னேன். இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, வரலாறுதான் இல்லை. இந்த முறையையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். முப்பது கேட்டால் சேர்ப்பார்கள்; எட்டு கேட்டால்தான் யோசித்துப் பொறுக்குவார்கள். 'பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள்' என்று தலைப்புக் கொடுத்தாலும் பழைய கதைதான். கேள்வியாகக் கொடுங்கள்: 'உழைக்கும் பெண்ணை ஓவியர்கள் எப்படிப் பார்த்தார்கள்?'

இதற்கு ஒருவர் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியத்தைக் கொண்டுவருவார். இன்னொருவர், 1857-இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களை. திரையில் இரண்டும் ஒரே அளவு. உண்மையில் வெர்மீருடையது 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், மில்லேயுடையது ஒரு மீட்டருக்கும் மேல் அகலம். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர், ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது போல), அளவு, இப்போது இருக்கும் இடம் எல்லாம் குறித்தே ஆகவேண்டும். அளவைச் சாக்பீஸால் சுவரில் வரையச் சொல்லுங்கள். பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியத்தின் அகலம் 7.77 மீட்டர். வகுப்பறைச் சுவர் போதாமல் போனால், அதைவிட நல்ல பாடம் இல்லை.

நிறத்திலும் கவனம் தேவை. வெர்மீரின் அதே ஓவியத்துக்கு மஞ்சள் பாரித்த நகல்கள் இணையத்தில் ஏராளமாகப் பரவியிருந்தன. அசல் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் விற்ற, சரியான நிறத்தில் அச்சிட்ட அஞ்சலட்டையைப் பார்த்தே, 'நிறம் தப்பு' என்று பார்வையாளர்கள் சந்தேகப்பட்டார்களாம்! மாணவர்கள் ஒரே ஓவியத்தின் மூன்று நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை ஏன் நம்பினோம் என்று இரண்டு வரி எழுதட்டும்.

அப்புறம், தள்ளிய படங்கள். எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்ட இரண்டு படங்களையும் காரணத்தோடு தரச் சொல்லுங்கள். 'அழகாக இருந்தது, ஆனால் இந்தப் பெண் உழைக்கவில்லை, ஓவியருக்காக நிற்கிறாள்' என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் வரலாற்றுக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

வரிசையும் ஒரு வாதம்தான். ஜெர்மானியக் கலை வரலாற்று அறிஞர் ஆபி வார்பர்க் 1920-களில் கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் படங்களைக் குத்தி, இடம் மாற்றி மாற்றி யோசித்தார். 1929-இல் அவர் இறந்தபோதும் அந்த வேலை முடியவில்லை. உங்கள் மாணவர்களும் சின்னதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டட்டும். காலவரிசையை ஒருமுறை கலைத்து, வேறொரு மாணவர் அடுக்கிப் பார்க்கட்டும். கணினி மென்பொருள் எதுவானாலும் சரி, அதில் பெரிய விஷயமில்லை.

பத்து மதிப்பெண் என்றால் குறிப்புக்கு 4, தள்ளியதன் காரணத்துக்கு 3, வரிசைக்கு 3. அழகுக்கு எதுவும் கிடையாது.

படங்களுக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்துக்கு அனுப்புங்கள். பதிப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் தடையின்றித் தருகிறது. ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. உயிரோடிருக்கும் ஓவியர்களின் படங்களைப் பொதுவெளியில் போடும் முன் உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.