பீரோவைத் திறந்து வையுங்கள்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். நூலகப் பொறுப்பும் என்னிடமே. மாணவிகள் போட்டி போட்டுக்கொண்டு புத்தகம் எடுக்கிறார்கள். ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பையன்களோ நூலகப் பாடவேளையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசுகிறார்கள். படித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பின்னட்டையில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அச்சுப்பிழை உட்பட. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பின்னட்டையையாவது படித்தார்களே என்று ஆறுதல் கொள்ளுங்கள் டீச்சர். ஆனால் அந்த ஒரு பக்கக் கட்டுரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மதிப்பெண் இல்லாத பாடவேளை என்று பையன்களுக்கு மிச்சம் இருப்பதே இது போன்ற ஒன்றிரண்டுதான். அங்கேயும் ‘என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கணக்குக் கேட்டால் புத்தகத்தைத் தொடவே யோசிப்பார்கள்.

பையன்கள் பின்தங்குவது உங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதல்ல. 2018இல் 15 வயதினருக்குப் பல நாடுகளில் நடந்த பிசா (PISA) என்ற சர்வதேசத் திறனறித் தேர்வில், பங்கேற்ற எல்லா நாடுகளிலும் வாசிப்பில் மாணவிகளே முந்தினார்கள். (இந்தியா அதில் பங்கேற்கவில்லை.) ஆகவே உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நூலகத்தின் புத்தக பீரோவை வேண்டுமானால் நொந்துகொள்ளலாம்.

உங்கள் பீரோவில் என்ன இருக்கிறது? தலைவர்களின் வரலாறு, நீதிக்கதை, ஏதோ ஒரு திட்டத்தில் வந்து கட்டுப் பிரிக்காத அறிவியல் வரிசை. பதினான்கு வயதுப் பையனுக்குப் பாம்பு வேண்டும், பேய் வேண்டும், புல்லட் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்காரனுக்குக் காவலர் தேர்வு வினாத்தாள் வேண்டும். அதுவும் வாசிப்புதான். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். சித்திரக்கதையா என்று முகம் சுளிக்காதீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிப்பை அங்கே பிடித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அதிகம் சத்தம் போடும் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னதுண்டா? ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். படிக்க வராது என்று நண்பர்களுக்குத் தெரிவதைவிடப் படிக்கப் பிடிக்காது என்று காட்டிக்கொள்வது அவனுக்குக் கௌரவம். அவன் கையில் முயலும் ஆமையும் படம் போட்ட மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திணித்தால் அன்றோடு நூலகத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவான். மீசை அரும்பும் வயது! புத்தகம் மெலிதாக இருக்கட்டும், வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும்; விஷயம் மட்டும் அவன் வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று அகப்படாவிட்டால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பேய்க்கதை என்றால் நான்கைந்து பக்கம் போதும். கிணற்றடியில் கொலுசுச் சத்தம் கேட்கிற இடத்தில் மணி அடித்துவிட வேண்டும். மறுவாரம் மீதியை வாசிக்காதீர்கள். புத்தகம் மேசைமேலேயே கிடக்கட்டும்.

பி.டி. சாரிடமும் ஒரு புத்தகம் கொடுங்கள். தமிழாசிரியை படிக்கச் சொன்னால் அது உங்கள் வேலை என்றுதான் பையன்கள் நினைப்பார்கள். கழுத்தில் விசிலோடு அவர் மைதான ஓரத்தில் உட்கார்ந்து படித்தால், என்ன புத்தகம் என்று எட்டிப் பார்ப்பார்கள். வழங்கல் பதிவேடு எழுதும் பொறுப்பை வகுப்பிலேயே அடங்காத பையனுக்குக் கொடுங்கள்.

பீரோவைப் பூட்டாமல் திறந்து வையுங்கள். திறந்து வைத்தால் புத்தகம் தொலையுமே என்பீர்கள். தொலையும். ஆனால் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள்கூட, ஆண்டில் புழங்கும் 1,000 நூல்களுக்கு 5 தொலைவதை, முறைகேடோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்கின்றன. மாநில அரசுப் பள்ளியை அந்த விதி கட்டுப்படுத்தாது. என்றாலும் தலைமையாசிரியரிடம் பேசும்போது கைகொடுக்கும். இருப்புப் பதிவேட்டில் குறையும் புத்தகத்துக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதை அவரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, பிறகு சாவியைப் பையன்களிடம் கொடுங்கள்.