ஸ்டார்ட்அப் வளர்ச்சி, மார்க்கெட்டிங் கற்றுக்கொள்ள எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்?

ஆறு மாதம் முன்பு ஒரு ஆப் வெளியிட்டேன், மார்க்கெட்டிங் பின்னணி கிடையாது, நல்ல புத்தகம், வீடியோ இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை. நாலைந்து விஷயம் சொல்கிறேன், ஆனால் ஒன்றைப் பார்த்தால் அதை உங்கள் வாடிக்கையாளரிடம் செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒரு வருடம் படித்துக்கொண்டே இருந்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு வீடியோ. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் சாம் ஆல்ட்மன் ஏற்பாடு செய்த ஸ்டார்ட்அப் வகுப்புகள் 20, எல்லாம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஆறாவது வகுப்பு, ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷுல்ட்ஸ் எடுத்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர் சொல்வதன் சாரம், முதலில் 'ரிடென்ஷன்' பார், அதாவது வந்தவர்கள் தொடர்ந்து தங்குகிறார்களா என்று பார், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் ஆப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது வாரம் திரும்ப வந்தார்கள், மூன்றாவது வாரம் எத்தனை பேர் என்று ஒரு கோடு போடுங்கள். கோடு எப்படியும் இறங்கத்தான் செய்யும். இறங்கி ஓரிடத்தில் நின்று படுக்கையாகப் போனால் யாரோ சிலருக்கு உங்கள் ஆப் உண்மையிலேயே தேவைப்படுகிறது. தரையைத் தொட்டுவிட்டால் விளம்பரத்துக்குப் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

என் குடம் ஓட்டையாக இருந்தது. நான் திருப்பூரில் பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு, அதாவது சின்னச் சின்னத் தையல் கூடங்களுக்கு, வாரச் சம்பளக் கணக்கு போடும் சின்ன ஆப் ஒன்று நடத்துகிறேன். இங்கே சனிக்கிழமை சம்பள நாள். ஒருவர் திங்கட்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்திருப்பார், செவ்வாய் ஒன்று, புதன் லீவு, நடுவில் ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். இதையெல்லாம் கூட்டிக் கழித்து நாற்பது பேருக்குக் கணக்கு முடிக்க வேண்டும். இதற்கு ஒரு ஆப் வந்தால் ஊரே எடுத்துக்கொள்ளும் என்று நம்பி 38,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டேன். 412 பேர் ஆப்பை இறக்கினார்கள், நாலாவது வாரம் கணக்கு போட்டவர்கள் 9 பேர்.

அந்த நேரத்தில்தான் ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரஹாம் 2013இல் எழுதிய 'டூ திங்ஸ் தட் டோன்ட் ஸ்கேல்' (பெரிய அளவில் செய்ய முடியாததைச் செய்) கட்டுரையைப் படித்தேன். இணையத்தில் இலவசம், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆரம்பத்தில் வாடிக்கையாளரைக் கையால்தான் பிடித்து வர வேண்டும் என்கிறார். வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தை ஆரம்பித்தவர்கள் நியூயார்க்கில் வீடு வீடாகப் போனார்கள். இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப்பின் காலிசன் சகோதரர்கள் யாராவது "பயன்படுத்திப் பார்க்கிறேன்" என்று சொன்னால் லிங்க் அனுப்புகிறேன் என்று சொல்லாமல், லேப்டாப்பைக் கொடுங்கள் என்று வாங்கி அங்கேயே நிறுவிக் கொடுப்பார்கள். படித்ததும் மறுநாளே கிளம்பி ஆப்பை விட்டுவிட்ட ஒரு யூனிட்டுக்குப் போய்விட்டேன்.

இரவு எட்டரை மணி. மெஷின்கள் நின்றுவிட்டன, சூப்பர்வைசர் கட்டிங் டேபிள் மேல் நீள நோட்டை விரித்து வைத்து ஷிப்ட் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு ஷிப்டுக்கு ஒரு கோடு, அரை ஷிப்டுக்குப் பாதிக் கோடு. நாற்பது பேருக்கும் குறித்து முடிக்க அவருக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் ஆப்பை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "நாப்பது பேருக்கும் போன் நம்பர் கேக்குது தம்பி, பாதிப் பேர் நம்பர் எனக்கே தெரியாது" என்றார். ஆள் சேர்க்கும்போது போன் நம்பர் கட்டாயம் என்று நான்தான் வைத்திருந்தேன், எதற்கு வைத்தேன் என்று யோசித்தால் காரணமே இல்லை. இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. என் விளம்பரம் முழுக்க ஓனருக்கு, ஆனால் தினமும் ஆப்பைத் திறக்க வேண்டியவர் இந்த சூப்பர்வைசர்.

போன் நம்பர் கேட்பதை ஆப்பிலிருந்து நீக்கினேன். அந்த நோட்டு மாதிரியே ஒரே திரையில் எல்லாப் பெயரும், தட்டினால் ஒரு கோடு, அழுத்திப் பிடித்தால் பாதிக் கோடு. புதிதாகச் சேரும் யூனிட்டுக்கு நானே நேரில் போய்ப் பெயர்களை ஏற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த யூனிட்டுகளில் பாதிக்கு மேல் இன்றும் இருக்கின்றன. மார்க்கெட்டிங்கில் நான் செய்த பெரிய வேலை இதுதான் என்பேன்.

இப்படிப் போய்ப் பேசும்போது எப்படிக் கேட்பது என்பதற்கு ராப் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'தி மாம் டெஸ்ட்' என்ற சின்னப் புத்தகம் போதும். "இப்படி ஒரு ஆப் இருந்தால் வாங்குவீர்களா" என்று கேட்டால் நம் மனம் நோகக்கூடாதென்று எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன சனிக்கிழமை கணக்கு எப்படிப் போட்டீர்கள், எங்கே தப்பு வந்தது என்று நடந்ததைக் கேளுங்கள்.

அடுத்து ஷான் எல்லிஸ். வளர்ச்சியை மட்டுமே குறியாக வைத்து வேலை செய்பவரைக் குறிக்கும் 'குரோத் ஹேக்கர்' என்ற சொல்லை 2010இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ஒரு கேள்வி மட்டும் போதும்: நாளைக்கு இது இல்லாமல் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? 'ரொம்ப ஏமாற்றமாக இருக்கும்' என்பவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரிதாக வளர்க்கத் தொடங்கலாம் என்பது அவர் அளவுகோல். நான் போனில் தமிழில் கேட்டேன். ஒருவர் "பழையபடி நோட்டுதான்" என்றார், அது எனக்குத் தோல்வி. இன்னொருவர் "எப்ப வேணா நிறுத்துங்க, சனிக்கிழமை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அன்றிலிருந்து என் விளம்பர வாசகத்தில் சனிக்கிழமை என்ற சொல் இருக்கிறது.

இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்க இடம் தரும் டிராப்பாக்ஸின் கதையை எல்லா இடத்திலும் படிப்பீர்கள். நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் கூடுதல் இடம், 2008 செப்டம்பரில் 1 லட்சம் பேர், 2010 ஜனவரியில் 40 லட்சம் பேர் என்று. அதற்கு முன்னால் 99 டாலர் பொருளை விற்க கூகுள் விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு 233 டாலருக்கு மேல் செலவு செய்து பார்த்திருக்கிறார்கள் என்ற பாதியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே பிடித்துப்போன பொருளையே பரிசாகவும் கொடுத்ததால்தான் அது பரவியது. பிடிக்காத ஆப்புக்கு ரெஃபரல் வைத்தால் ஒன்றும் நடக்காது, வைத்துப் பார்த்துவிட்டேன்.

வாடிக்கையாளர்கள் குறை சொல்லும் இடங்களையும் படியுங்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஒரு அமெரிக்க ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் விலை ஏற்றியதைப் பற்றி, தொழில்நுட்பக்காரர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் நடந்த பேச்சைப் பார்த்துத்தான் கிரீஷ் மாத்ருபூதத்துக்கு யோசனை வந்தது, 2010இல் சென்னையில் ஆரம்பித்தார், இன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. உங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவும், போட்டி ஆப்புகளின் ஒரு ஸ்டார் விமர்சனங்களும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

சரி, இந்த வாரம் ஷுல்ட்ஸ் வீடியோ பாருங்கள், கோடு போடுங்கள், உங்கள் ஆப்பை விட்டுப் போன ஐந்து பேரைப் போனில் கூப்பிடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்து எதைப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.