மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள்: டஸ்கனியில் கார் ஓட்டுவோருக்கு

கேள்வி: அக்டோபரில் நானும் மனைவியும் இத்தாலியின் டஸ்கனி பகுதியில் கார் வாடகைக்கு எடுத்து, சியனா, மொண்டால்சினோ, கிரேவே என்று ஒயின் ஊர்களைச் சுற்ற நினைக்கிறோம். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வருமாமே? "டிரைவரோடு வேன் எடுத்துவிடுங்கள்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். நாங்களே ஓட்டலாமா?
- வாசகர், கோவை

பதில்: தாராளமாக ஓட்டலாம். அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே தவறால் வருபவை: மதிலுக்கு உள்ளே இருக்கும் பழைய நகருக்குள் காரை விடுவது. அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகக்கூடிய அந்தப் பகுதிக்கு இசட்.டி.எல். என்று பெயர். அதன் அடையாளப் பலகை: வெள்ளை வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம், கீழே பொடி எழுத்தில் நேரம், பக்கத்தில் கேமரா. பல இடங்களில் தடுப்புக் கம்பியோ போலீஸ்காரரோ இருக்க மாட்டார்கள். கூகுள் மேப்பே சில நேரம் உள்ளே வழிகாட்டிவிடும். மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைந்துவிடுகிறார்கள். கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் அர்த்தம். வெளிநாட்டவர் குவியும் ஊர்களில் இதை இத்தாலிய மொழியில் மட்டும் எழுதி வைப்பது என்ன நியாயமோ!

அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது. வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பப் போலீசுக்கு 360 நாள் அவகாசம். உங்களுக்கோ, கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால்தான் 30 சதவீதத் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் இரட்டிப்பு. இதற்கு முன்பே, உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் உங்கள் கார்டில் ஒரு தொகையை எடுத்திருக்கும். அது அபராதமல்ல, வெறும் காகித வேலைக்கான கூலி. கட்டியாகிவிட்டது என்று எண்ணி நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மதிலுக்கு வெளியே நிறுத்தி நடந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சியனாவில் சாந்தா கத்தரீனா பார்க்கிங்கில் விட்டால் மேலே ஏற எஸ்கலேட்டர் உண்டு. மொண்டால்சினோவில் கோட்டையை ஒட்டியே இடம் இருக்கிறது. நீலக் கோடு என்றால் கட்டணம். சீட்டைக் கண்ணாடி வழியே தெரியும்படி வையுங்கள். வெள்ளைக் கோடு இலவசம், ஆனால் நேர வரம்பு இருக்கலாம். மஞ்சள் நமக்கில்லை. பலகையில் நேரத்தோடு இரண்டு சுத்தியல் வரைந்திருந்தால் அது வேலை நாளுக்கு, சிலுவை இருந்தால் ஞாயிறுக்கும் விடுமுறைக்கும். கிரேவேயின் சதுக்கத்தில் சனிக்கிழமை காலை சந்தை கூடும். வெள்ளி இரவு அங்கே விட்ட காரை விடியலில் இழுத்துப் போய்விடுவார்கள்.

மதிலுக்குள் ஹோட்டல் போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. பெட்டிகளை இறக்க உள்ளே போகலாம். ஆனால் காரின் நம்பரை ஹோட்டல்காரர் நகராட்சியில் பதிந்திருக்க வேண்டும். புக்கிங்கின்போது நம்பர் தெரியாது. சாவி கைக்கு வந்ததும் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வாசல் வழியே, எத்தனை மணி வரை, இறக்கியபின் கார் எங்கே என்று கேளுங்கள். "பதிந்துவிட்டோம்" என்ற பதிலை எழுத்தில் வாங்கி ஓராண்டு பத்திரமாக வையுங்கள். நடுவில் கார் பழுதாகி மாற்றிக் கொடுத்தால் நம்பரும் மாறும், மறுபடி அனுப்ப வேண்டும். ஹோட்டல் வரவேற்பறையில் "ஒன்றும் ஆகாது" என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள். அபராதம் அவர் வீட்டுக்குப் போகாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ.விடம் மட்டும் வாங்குங்கள்: படிவம் 4ஏ, 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். 'மூன்றாண்டு, பத்தாண்டு சர்வதேச லைசென்ஸ்' என்று இணையத்தில் விற்பவர்கள் தருவது வெறும் அச்சுத்தாள். சோதனையில் அது நிற்காது. கூடவே உங்கள் அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

கவுண்டரில் காப்பீட்டை விற்க நெருக்குவார்கள். கையெழுத்துக்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இதில் சேருமா? சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. பல ஒயின் தோட்டங்களுக்குப் போகும் பாதையோ சரளைக்கல் மண்பாதை. அடிபடுவது அந்த மூன்றும்தான். டெபாசிட்டுக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும்.

ஏஜென்ட் சொல்லும் டிரைவர், ஒயின் ருசி பார்க்கும் நாளுக்கு மட்டும் சரி. இத்தாலியில் ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கி மூன்றாண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். ஐந்து ஒயின், தலா 50 மி.லி., 14 சதவீதம் என்றால் சுமார் 28 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆள் வெறும் வயிற்றில் குடித்தால் வரம்பு தாண்டக்கூடும். ஓட்டுபவர் ருசித்துவிட்டுத் துப்பலாம். அதற்கென்றே பாத்திரம் வைப்பார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இருவரும் மாறி மாறி ஓட்டுவதானால், மனைவிக்கும் தனி அனுமதி எடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக அவர் பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், வாங்கிய காப்பீடு கைகொடுக்காது.